முப்பத்து நான்கு முடிச்சுகள்

ஆட்டம் முடிந்ததற்கான ஊதல் ஒலித்ததும், வென்ற அணியின் பயிற்சியாளர் தம் பிள்ளைகளை நோக்கி நடப்பார். எல்லா ஊரிலும் அதுதான் வழக்கம். நான் சொல்லவந்த மனிதர் மட்டும் எதிர்ப்பக்கம் நடப்பார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சேற்றில் காலைப் பார்த்துப் பார்த்து ஊன்றி, தோற்ற அணியின் பயிற்சியாளர் நிற்கும் இடத்துக்கு வருவார். ஒரு கஜ தூரத்தில் நின்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"ஒத்துக்கிறீங்களா?"

எதிரில் நிற்பவர் பர்மியராயின் பர்மிய மொழியில் கேட்பார். துரையாயின் தமக்குத் தெரிந்த பட்டாள ஆங்கிலத்தில் கேட்பார். ஒத்துக்கொண்டேன் என்ற பதில் வந்தால் கோட்டுப் பையிலிருந்து ஒரு தோல்வாரை எடுப்பார். பந்தின் உள்ளே காற்றுப்பையைத் திணித்தபின் அதன் வாயைச் சேர்த்துக் கட்டும் வார் அது. நைந்துபோன பந்துகளின் வார்களை ஒன்றோடொன்று இணைத்து நீளமாக்கி வைத்திருந்தார். எதிரியின் கண்முன்னே அதில் ஒரு முடிச்சுப் போட்டு, பல்லால் இழுத்து இறுக்கிவிட்டு, வணக்கம் சொல்லித் திரும்புவார். அதற்குப் பிறகுதான் அவருடைய பிள்ளைகள் கூச்சலிடலாம். அதுவரை அவர்கள் கோடு தாண்டாமல் காத்து நிற்பார்கள்.

இது நடந்தது ரங்கூனில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில். அங்கே கால்பந்து மழைக்காலத்து விளையாட்டு. வானம் கொட்டக் கொட்ட, வெறுங்காலுடன் ஆடுவார்கள். அவர் ஒரு கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியர். நான் வேறொரு கல்லூரியின் அலுவலக எழுத்தர். மாலையில் எங்கள் கல்லூரி அணிக்குப் பந்தாட்டம் பயிற்றுவிக்கும் பொறுப்பும் என்னுடையது. அவர் முன்னாளில் பட்டாளத்தில் மண் வெட்டியவர். ஆட்டத்தின் விதிகள் அடங்கிய புத்தகத்தை அவர் கையால் தொட்டதும் இல்லை. நானோ அந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வரி வரியாக, இரண்டு மழைக்காலம் படித்துத் தேர்ந்தவன். எந்த நிலையில் நின்றால் குற்றம், எந்தக் கையசைவு குற்றமாகாது என்று என்னைக் கேட்டால் பக்க எண்ணோடு சொல்வேன். ஆயினும் ரங்கூனில் என்னை ஒருவரும் கேட்கவில்லை. அவரைத்தான் கேட்டார்கள். இந்த வருத்தத்தை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை என்று கருதுகிறேன். அவரைப் பற்றி நான் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்தையும் வாசகர்கள் இதை நினைவில் வைத்தே படிக்க வேண்டும்.

மைதானத்தின் ஓரத்தில் மொகிங்கா என்னும் மீன்குழம்புச் சேமியா விற்ற பர்மியப் பெண்மணி முதல் கிண்ணத்தை அவருக்கென்று எடுத்துவைப்பாள். என் அணியைச் சேர்ந்த பர்மிய மாணவர்கள் அவரைக் கண்டால் நின்று, 'சயா' என்று தலை தாழ்த்துவார்கள். ஆசானை அவர்கள் அழைக்கும் சொல் அது. என்னை அவர்கள் அழைத்தது 'கிளார்க்' என்று. என் மனைவிகூட ஒருநாள் கோவிலிலிருந்து திரும்பிவந்து, "அந்த மாஸ்டர் சம்சாரத்தைப் பாத்தேன். என்னா மரியாதையான மனுசர்னு ஊரே சொல்லுது" என்றாள். அன்றிரவு குழம்பில் உப்புக் கூடிவிட்டதாக நான் அவளிடம் குறை சொன்னேன். குழம்பில் உப்புச் சரியாகவே இருந்தது.

அவருடைய கேள்வி எல்லோரையும் ஒன்றுபோல் தைக்கவில்லை. சிலர் சிரித்து, ஒரு சுருட்டை அவர் வாயில் வைத்துவிட்டு ஒத்துக்கொள்வார்கள். ஒரு மிஷன் பள்ளியின் வெள்ளைப் பாதிரியார், தம் பிள்ளைகள் தோற்ற கோபத்தில், நடுவர் கண்ணைக் கழுவிக்கொண்டு வரவேண்டும் என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரோ, சரி என்று சொல்லி, முடிச்சுப் போடாமல் வாரைச் சுருட்டிவைத்துக்கொண்டார். மறுநாட் காலையில் பாதிரியார் டிராம் ஏறி, மிங்கலா தாங்ஞுன்ட்டில் இரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்த மாஸ்டரின் வாடகை வீட்டைத் தேடிப் போய், வாசலில் நின்றபடியே "ஒத்துக்கொண்டேன்" என்று சொன்னாராம். மாஸ்டர் அப்போது பல் துலக்கிக்கொண்டிருந்தாராம். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து வாரை எடுத்து முடிச்சுப் போட்டாராம். இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் அந்தப் பாதிரியாரே. சொல்லும்போது அவர் முகத்தில் தோற்றவருக்குரிய வாட்டம் சிறிதும் இல்லை. அன்றுதான் அவர்மேல் எனக்கு முதன்முதலாகப் பொறாமை மூண்டது. தோற்றவனும் இவரிடம் தோற்பதைக் கௌரவமாக எண்ணுகிறானே என்று கொதித்தேன்.

என் கணக்கு முறை வேறு. எங்கள் அலுவலகத்துச் சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. எங்கள் அணி வென்ற ஆட்டங்களின் மொத்தத்தை அதில் எழுதிவைப்பேன். எதிரணி வராமற்போனாலும் விதிப்படி அது வெற்றிதான். ஒருமுறை பசுண்டாங் கால்வாய்க்கு அப்பால், தாகேதாப் பக்கத்திலிருந்து வரவேண்டிய அணி வரவில்லை. நீர் வற்றிச் சம்பான் படகுகள் சேற்றில் உட்கார்ந்துவிட்டன. அக்கரையில் அந்தப் பிள்ளைகள் கையை ஆட்டிக்கொண்டு நின்றது இக்கரைக்குத் தெரிந்தது என்று பின்னர்ச் சொன்னார்கள். நான் நடுவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கரும்பலகையில் ஒன்றைக் கூட்டினேன்.

அதே மாதத்தில் அவருக்கும் அதே அணி வராமற்போயிற்று. அவர் தம் பிள்ளைகளையே இரண்டாகப் பிரித்து ஒரு மணி நேரம் ஆடவிட்டு வீட்டுக்கு அனுப்பினார். முடிச்சு ஒன்றும் போடவில்லை. விதிப்படி உமக்குரிய வெற்றியை ஏன் விடுகிறீர் என்று நான் வலியப் போய்க் கேட்டேன். அவர் கேலியாக அல்ல, மெய்யாகவே புரியாதவரைப்போல் என்னைப் பார்த்தார்.

"வராதவங்ககிட்டப் போயி எப்படிங்க கேக்கிறது, கிளார்க்கையா?"

மற்றொரு முறை அவர் காய்ச்சலில் மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்தார். அந்த நாட்களில் அவருடைய அணி இரண்டு ஆட்டங்களை வென்றது. அணித்தலைவன் கோ பா தின் என்னும் பர்மிய மாணவன் ஓடிப்போய்ச் செய்தி சொல்ல, அவர் அவன் தோளைத் தட்டி, அவை இரண்டும் உன்னுடையவை, நீ தனியாக ஒரு வார் வாங்கிக்கொள் என்றாராம். அவன் உண்மையாகவே ஒன்று வாங்கி, இரண்டு முடிச்சுப் போட்டுத் தன் பையில் வைத்துக்கொண்டு அலைந்தான். நான் காய்ச்சலில் படுத்தால் என் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். பயிற்சி இல்லை என்று மகிழ்ந்து கடைத்தெருவுக்குப் போவார்கள்.

இனி அந்த மழை ஆட்டம்.

என் அணியும் அவர் அணியும் எங்கள் மைதானத்தில் மோதின. மழை, ஆட்டம் தொடங்கியதிலிருந்து ஒரு கணமும் ஓயவில்லை. சுண்ணாம்பில் இட்ட கோடுகள் அனைத்தும் கரைந்துவிட்டன. அக்காலத்தில் எங்கள் கோல் கம்பங்களுக்கு வலை கிடையாது. நான் வடக்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால் குடையுடன் நின்றேன். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது, கோ பா தின் அடித்த பந்து கனத்து வந்து, கம்பங்களுக்கு நடுவே தேங்கியிருந்த குட்டையில் விழுந்து, அப்படியே அமிழ்ந்து நின்றது. என் கோல்காப்பாளன் கண்ணில் சேறு அப்பிய நிலையில் குருடனைப்போல் துழாவி, அதை வாரி வெளியே எறிந்தான். நடுவராக இருந்த இரயில்வே எஞ்சினியர் துரை கோல் என்று ஊதினார். அந்த ஒரு கோலில் நாங்கள் தோற்றோம்.

பந்து விழுந்த இடத்தை அருகில் நின்று பார்த்தவன் நான் ஒருவனே.

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். தொப்பியைக் கழற்றியதும் மழை அவர் மொட்டைத் தலையில் தெறித்தது. வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"கோடு எங்க இருந்துச்சுன்னு காட்டுங்க. ஒத்துக்கிறேன்" என்றேன்.

அவர் குனிந்து தரையைப் பார்த்தார். அங்கே கோடு இல்லை, தண்ணீர்தான் இருந்தது. "சரிங்க. எப்பத் தோணுதோ அப்பச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வாரைப் பையிலிருந்து எடுக்காமலே போனார். அவருடைய பிள்ளைகள் கூச்சலிடவில்லை. வென்றவர்கள் ஓசையில்லாமல் மைதானத்தை விட்டுப் போனதை நான் வாழ்க்கையில் பார்த்தது அந்த ஒருமுறைதான். எனக்கு அது பெருமகிழ்ச்சியாக இருந்தது.

அடுத்த சில ஆண்டுகள் மைதானத்தில் எதிரெதிரே நிற்கும்போதெல்லாம் அவர் எனக்கு வணக்கம் சொல்வார். அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசமாட்டார். ஆனால் அவர் கையில் அந்த வாரை நான் பார்த்திருக்கிறேன். நெல்மணி நெருக்கத்தில் முடிச்சுகள் வரிசையாக வரும். ஓர் இடத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு வார் மொழுக்கென்று கிடக்கும். அதன்பின் மறுபடியும் முடிச்சுகள் தொடரும்.

அந்தப் பத்தாண்டின் கடைசியில், மர வியாபாரி ராவுத்தர் ஒருவர் ஒரு வெள்ளிக் கோப்பை செய்வித்தார். ரங்கூனில் கல்லூரி அணிகளைப் பயிற்றுவித்த தமிழர்களில் யார் அதிக ஆட்டங்களை வென்றவரோ அவருக்கு அது வழங்கப்படும் என்று எங்கள் தமிழர் சபையில் அறிவித்தார். அத்தகைய தமிழர்கள் ஊரில் இருவர்தாம் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் சபை கூடிற்று. எழுபது நாற்காலிகளும் நிறைந்து, படிக்கட்டிலும் ஆட்கள் உட்கார்ந்தார்கள்.

நான் அழகிய கையெழுத்தில் பட்டியல் எழுதிக்கொண்டு போயிருந்தேன். மொத்தம் முப்பத்தெட்டு. அவர் வெறுங்கையோடு வந்திருந்தார். அவருடைய வெற்றிகளைச் சபைச் செயலர் பழைய செய்தித்தாள்களைப் புரட்டித் தொகுத்து வைத்திருந்தார். அது முப்பத்தேழு.

அந்த ஒன்றின் மேல் விவாதம் பற்றிக்கொண்டது. எதிரணி வராத ஆட்டம் வெற்றியாகுமா என்று ஒருவர் எழுந்தார். என் பட்டியலில் அத்தகையவை மூன்று இருந்தன. நான் விதிப்புத்தகத்தின் பக்கத்தைச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு துறைமுகக் கங்காணி, "பொண்ணு வராத மேடையில தாலியக் கட்டிட்டு கல்யாணம் ஆச்சுங்கிறாரே" என்றார். சபை சிரித்தது. அடுத்து, பயிற்சியாளர் மருத்துவமனையில் கிடக்கும்போது அணி வென்றால் அது யாருடைய வெற்றி என்று கேள்வி எழுந்தது. ராவுத்தர் மாஸ்டருக்குப் பரிந்து பேசினார்.

"நான் காய்ச்சல்ல படுத்திருந்தாலும் என் கடையில வித்த மரம் என் மரந்தானேய்யா?"

"உங்க மரம்தான். ஆனா அன்னைக்கு வித்த சாமர்த்தியம் உங்க கணக்கப்பிள்ளையோடதுல்ல?" என்று ஒரு வக்கீல் குமாஸ்தா மடக்கினார். ராவுத்தர் தம் கணக்கப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஒன்றரை மணி நேரத்துக்குப்பின் தலைவர் தீர்ப்புச் சொன்னார். எதிரில் ஆள் நின்று, பயிற்சியாளரும் நேரில் நின்று வென்ற ஆட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும். என்னுடைய மூன்று போயிற்று. மருத்துவமனைக் காலத்து இரண்டு அவரை விட்டுப் போயிற்று. இருவரும் முப்பத்தைந்து. சமமாகவே இருப்பதால், கோப்பை ஆண்டுதோறும் ஆறு மாதம் அவர் வீட்டிலும் ஆறு மாதம் என் வீட்டிலும் இருக்கட்டும் என்றார் தலைவர். கை தட்டினார்கள். அவரும் தட்டினார்.

நான் தட்டவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர் வீட்டு வாசலுக்கு நான் போவதையும், பாதிரியாரைப்போல் அங்கே நிற்பதையும் மனக்கண்ணில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது செயலர், முறைமைக்காக, மாஸ்டரின் கணக்கும் முப்பத்தைந்துதானா என்று கேட்டார். அவர் பையிலிருந்து வாரை எடுத்து நீட்டினார். ராவுத்தர் அதை வாங்கி, தஸ்பீஹ் மணியை உருட்டுவதுபோல் ஒவ்வொரு முடிச்சாக விரலிடுக்கில் தள்ளிக்கொண்டே வந்தார். முப்பத்து நான்கில் வார் முடிந்துவிட்டது. மறுபடி எண்ணினார். முப்பத்து நான்கே.

"ஒண்ணு குறையுதே மாஸ்டரு?"

"அந்த மழை ஆட்டங்க. அதை இவங்க இன்னும் ஒத்துக்கலை."

சபை முழுவதும் என் பக்கம் திரும்பிற்று. பேப்பரில் வந்திருக்கிறதே, துரையே ஊதியிருக்கிறாரே என்று செயலர் எடுத்துச் சொன்னார். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தார். இருந்த இடத்திலிருந்து நடந்து வந்து, எனக்கு ஒரு கஜ தூரத்தில் நின்று, தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"ஒத்துக்கிறீங்களா?"

ஒத்துக்கொண்டால் எனக்கு இழப்பு ஒன்றும் இல்லை. பாதிக் கோப்பை என்னுடையதுதான். அதை நான் அப்போதே நன்றாக அறிந்திருந்தேன்.

"பந்து கோட்டைத் தாண்டலை. நான் பாத்தேன்" என்றேன்.

மைதானத்தில் நான் சொன்னது சாமர்த்தியம். சபையில் சொன்னது பொய். வேறுபாடு எனக்குத் தெரியும்.

அவர் தொப்பியை வைத்துக்கொண்டார். பிறகு தலைவரிடம் திரும்பி, தம் கணக்கு முப்பத்து நான்குதான், கோப்பை கிளார்க்கையாவுக்கே உரியது என்று சொன்னார். ராவுத்தர் வாதாடிப் பார்த்தார். உங்கள் மரத்தை எவ்வளவுக்கு விற்பது என்பதை நீங்கள்தானே தீர்மானிக்கிறீர்கள், என் வெற்றியை எப்படி எண்ணுவது என்பதை நான் தீர்மானிக்கக் கூடாதா என்று அவர் கேட்கவும் ராவுத்தர் உட்கார்ந்துவிட்டார். கோப்பை என் கையில் கொடுக்கப்பட்டது. கைத்தட்டல், கடனுக்குத் தட்டியதுபோல் கேட்டது.

கூட்டம் கலையும்போது அவர் என்னிடம் வந்தார். என் இரு கைகளையும் கோப்பையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"இது உங்களோடதுதான். நான் ஒத்துக்கிறேன்" என்றார்.

நான் அவரைக் கேட்கவே இல்லை.

வீட்டில் என் மனைவி கோப்பையை முற்றத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சபையில் நடந்ததை அவளுக்கு யாரோ அதற்குள் சொல்லியிருந்தார்கள். "ஆறு மாசம் அவங்க வீட்டுல இருந்தா வெள்ளி கறுத்தா போயிடும்?" என்று மட்டும் கேட்டாள். அலமாரியில் அதற்கு நானே இடம் செய்துவைத்தேன்.

ஊர் அதன்பின் அவரைத்தான் பேசியது. கோப்பை பெற்றவனை விட்டுவிட்டுக் கோப்பையை விட்டவரைப் பேசுவது என்ன நியாயம் என்று நான் பலரிடம் வாதாடியிருக்கிறேன். முப்பத்து நான்கு முடிச்சு என்று டிராமில் முன்பின் தெரியாத ஒருவர் மற்றொருவருக்குச் சொல்லிக்கொண்டு போனதை என் காதால் கேட்டேன். என் முப்பத்தைந்தை ஒருவரும் எங்கும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒன்றரை ஆண்டுக்குப்பின் அவருடைய அண்ணன் காலமாகிவிட்டதால், குடும்பப் பொறுப்பை ஏற்க அவர் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக் கப்பல் ஏறினார். வழியனுப்பத் துறைமுகத்தில் நின்ற கூட்டத்தில் நானும் நின்றேன். என் அணியின் பழைய கோல்காப்பாளனும் மாலையோடு வந்திருந்தான். மொகிங்காக்காரியும் வந்திருந்தாள். நான் முதல் நாளே தீர்மானித்திருந்தேன். அவர் கேட்டால் இன்று சொல்லிவிடுவது. பாதிரியார் சொல்லலாம் என்றால் நான் சொல்லலாம்.

ஒவ்வொருவராகக் கும்பிட்டுக்கொண்டு வந்தவர் என் எதிரே, அதே ஒரு கஜ தூரத்தில், நின்றார். தொப்பியைக் கழற்றினார். அவருடைய வலக்கை கோட்டுப் பைக்குள் போயிற்று. உள்ளே விரல்கள் அசைவது துணிக்கு மேல் தெரிந்தது. அந்த இரண்டு விரல் இடைவெளியைத்தான் தடவுகிறார் என்று எனக்கு உறுதியாகப் பட்டது. நான் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்விக்காகக் காத்திருந்தேன்.

"மழைக்கு முன்னாடி உங்க மைதானத்துல வடக்குக் கோல்கிட்ட கொஞ்சம் மண்ணு கொட்டச் சொல்லுங்க, கிளார்க்கையா. அங்க தண்ணி நிக்குது."

அவ்வளவுதான். தொப்பியை வைத்துக்கொண்டு, அடுத்தவரைக் கும்பிட்டு, ஏணிப்படியில் ஏறிவிட்டார். கப்பல் சங்கு ஊதிற்று. அவர் ஏன் கேட்கவில்லை என்று அன்று முழுவதும் அவர்மேல் எனக்குக் கோபம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்று என் மனைவியிடம் பலமுறை சொன்னேன்.

மண் கொட்டச் செய்தேன். அடுத்த மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் தேங்கவில்லை.

இன்று எனக்கு வயதாகிவிட்டது. கோப்பை இன்னும் என்னிடமே இருக்கிறது. நானே துலக்குகிறேன். அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாது. இருப்பாரானால் முப்பத்து நான்கோடு நிம்மதியாகத் தூங்குவார் என்ற நினைப்பு இப்போதும் என்னை உறுத்துகிறது. அந்தத் தூக்கத்தின்மேல் எனக்கு உள்ள பொறாமை, கோப்பையின்மேல் இருந்ததைவிடப் பெரிது. ஆகையால் அவர் கேட்காததை நான் இங்கே எழுதிவிடுகிறேன். பந்து கம்பங்களைத் தாண்டி ஒரு முழம் உள்ளே கிடந்தது. நான் பார்த்தேன். ஒத்துக்கொள்கிறேன்.

அண்மையில் ஒருநாள் என் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, அவருடைய முறைப்படி என் வெற்றிகளை எண்ணிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். தோற்றவர் தம் வாயால் ஒத்துக்கொண்டவை மட்டுமே கணக்கு. நான் ஒருவரையும் கேட்டதில்லை, ஆகவே ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வந்தேன். முப்பத்தைந்தும் போயின. மிஞ்சியது பட்டியலில் இல்லாத ஒன்று. அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில், கேட்காமலே, என் கைகளைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஒத்துக்கொண்டது. என் வாழ்நாளின் மொத்தம் அந்த ஒன்றுதான். அதிலும் நான் வெல்லவில்லை.